பன்னிரண்டாம் அத்தியாயத்தில் ஒரு ‘நீ’

நவம்பர் 2, ஞாயிறு

பெண் பார்க்க வந்தார்கள், பஜ்ஜி தின்றார்கள், போனார்கள். மாப்பிள்ளையின் பெயர் தரணிதரன். கோயமுத்தூரில் பம்பு கம்பெனியில் டிசைன் இன்ஜினியர். கூட அவருடைய அம்மாவும் அப்பாவும். அப்பா பேசிக்கொண்டே இருந்தார். அம்மா சிரித்துக்கொண்டே இருந்தார்.

வழக்கம்போல எங்கள் இருவரையும் மொட்டை மாடிக்கு அனுப்பினார்கள். துணி காய்ந்துகொண்டிருந்தது. அப்பாவின் பனியனுக்குக் கீழே நின்று கல்யாணம் பேசுவதென்றால் எப்படி இருக்கும்? அவர்தான் ஆரம்பித்தார்.

“நீங்க படிப்பீங்களா?”

“பி.எஸ்சி. ஆப்டோமெட்ரி முடிச்சுட்டேனுங்க. கண் கிளினிக்குல இருக்கறேன்.”

“இல்லீங்க, கதை படிப்பீங்களான்னு கேட்டேன்.”

அவருக்கு ஃபேன் ஃபிக்ஷன் பிடிக்குமாம். அனிமே என்கிற ஜப்பான் கார்ட்டூன், வீடியோ கேம் இதிலெல்லாம் வருகிற ஆட்களை எடுத்துக்கொண்டு ரசிகர்களே எழுதுகிற கதைகள். தமிழிலும் எழுதுகிறார்களாம். சொல்லும்போது காது சிவந்துவிட்டது மனுஷனுக்கு.

“அப்படின்னா என்னங்க?” என்று கேட்டேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று இதுவரை எனக்கே புரியவில்லை.

“நல்லதா சிலது அனுப்பறேனுங்க, படிச்சுப் பாருங்க” என்றார். நம்பர் வாங்கிக்கொண்டார்.

கீழே வந்ததும் அவருடைய அப்பா, “ஏய், கெளம்பு” என்றார். அவருடைய அம்மா எழுந்தார். இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்கள், அந்த அம்மாவின் பெயர் கடைசிவரை யாரும் சொல்லவில்லை.

என் அம்மா பாத்திரம் விளக்கும்போது ஒரே வசனம்தான். “இந்தத் தடவையாச்சும் நல்லபடியா முடியட்டும் சாமி. மார்கழி பொறக்கறதுக்குள்ள உறுதி பண்ணிப்போடோணும்.” ‘இந்தத் தடவையாச்சும்’ என்பதை மட்டும் பைப்பை மூடிவிட்டுச் சொன்னாள், எனக்குக் கேட்கட்டும் என்று.

நவம்பர் 4, செவ்வாய்

முதல் பரிந்துரை வந்தது. லிங்க்கை மட்டும் வீசிவிட்டுப் போகிற ஆள் இல்லை இவர். மருந்துச் சீட்டு மாதிரி எழுதுகிறார்.

“இது ஒரு கேம்ல வர்ற கடைக்காரன் கதைங்க. கேம்ல அவனுக்கு ஒரே வசனம்தான், ‘வாங்க, இன்னைக்கு மழை வரும்போல இருக்குது.’ நாம எத்தனை தடவை போனாலும் அதையேதான் சொல்லுவான். இந்தக் கதைல ஒரு நாள் நெசமாவே மழை வருதுங்க. அவனுக்கு அதுக்கப்புறம் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. முதல் பக்கம் சுமாராத்தான் இருக்கும், பொறுத்துக்கோங்க. மூணாவது பக்கத்துல கடைய மூடற இடத்தை மட்டும் வேகமாப் படிச்சுடாதீங்க.”

மதியம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு அந்த இடத்தைத் திரும்பவும் படித்தேன். ஏற்கெனவே படித்த கதைதான். ஆனால் கடையை மூடுகிற இடத்தை நானும் வேகமாகத்தான் படித்திருக்கிறேன் போலிருக்கிறது. தயிர்சாதம் புளித்துவிட்டது.

“நல்லா இருந்துச்சுங்க” என்று மட்டும் போட்டேன்.

நவம்பர் 6, வியாழன்

இன்றைக்கு வந்தது ஒரு ரோபோ அனிமேயை வைத்து எழுதிய கதை. சண்டையெல்லாம் முடிந்து, வேலையில்லாத ரோபோ ஒன்று திண்டுக்கல் பக்கம் பரோட்டாக் கடையில் மாவு பிசைகிறது. சிரித்து மூக்கில் காப்பி ஏறிவிட்டது. அதில் வரும் ரோபோவும் கல்லாவில் இருக்கிற அக்காவும் “தான் என் ஓடிபி” என்று எழுதியிருந்தார். எனக்கு மிகப் பிடித்த ஜோடி என்று அர்த்தம். எனக்கா தெரியாது?

“ஓடிபிய யாருக்கும் சொல்லக்கூடாதுன்னு பேங்க்ல சொல்லியிருக்காங்களேங்க” என்று போட்டேன்.

அவர் அரைப் பக்கத்துக்கு விளக்கம் எழுதி அனுப்பினார், பாவம். நான் அதற்கு “ஓ அப்படீங்களா” என்றேன். இவ்வளவு தூரம் நடிப்பு எனக்கு எங்கிருந்து வருகிறது?

அம்மா எட்டிப் பார்த்து, “மாப்பிள்ளையா? என்ன பேசறாரு?” என்றாள். “பரோட்டா” என்றேன்.

நவம்பர் 8, சனி

இப்போது என்ன செய்வது?

மூன்றாவது பரிந்துரை. “இதுதாங்க இருக்கறதுலயே உசத்தி. இதுக்காகத்தான் மத்த ரெண்டையும் முன்னாடி அனுப்புனேன். ‘சாம்பல் துறைமுகம்’னு ஒரு கேம். சாம்பல் மூடுன கடல்ல படகு ஓட்டற இசோரு, அந்தக் கடலுக்கு வரைபடம் போடற மெகுனா. கேம்ல ரெண்டு பேரும் பேசறது நாலே வரி. அந்த நாலு வரிய வெச்சுட்டுப் பதினோரு அத்தியாயம் எழுதியிருக்கான் பாருங்க. எழுதுனவன் பேரு மாலைக்கண். கவிஞனா இருப்பான்னு நெனைக்கறேன். பாவி பாதில விட்டுட்டுப் போயிட்டான். உசுரோட இருக்கானான்னே தெரியல.”

இருக்கிறேன். ஈரோட்டில்தான் இருக்கிறேன்.

மாலைக்கண் என்பது கவிதை இல்லை சார். வைட்டமின் ஏ குறைந்தால் வருகிற கோளாறு.

தமிழ்நாட்டில் இதையெல்லாம் படிக்கிறவர்கள் ஒரு மினி பஸ்ஸில் அடங்கிவிடுவார்கள். அந்த மினி பஸ்ஸிலிருந்து ஒருத்தர் இறங்கி நேராக எங்கள் வீட்டுக்கு வந்து பஜ்ஜி தின்றிருக்கிறார். சிரிப்பதா ஓடுவதா என்று தெரியவில்லை. சொல்லிவிடலாம். சொன்னால், “பின்னே ஏன் தெரியாத மாதிரி நடிச்சீங்க?” என்பார்.

நவம்பர் 9, ஞாயிறு

வீடு ஒட்டடை அடித்தோம்.

என் கதையை நானே திறந்து படித்தேன். நான்கு வருஷமாகத் திறக்காதது. எழுதும்போது என்னைப் படுத்தியது ஒரே சங்கதிதான். கேமில் ஆங்கிலத்தில் ‘யூ’ என்று போட்டுவிட்டுப் போய்விட்டான். தமிழில் எழுத உட்கார்ந்தால் அது கழுத்தைப் பிடிக்கும். நீயா, நீங்களா? நான் எங்கள் ஊர் வழக்கப்படி ‘நீங்க’ என்றே ஆரம்பித்தேன். எங்கள் பக்கம் பஸ் கண்டக்டர் திட்டினாலும் ‘ங்க’ போட்டுத்தான் திட்டுவார். பதினோரு அத்தியாயமும் இசோருவும் மெகுனாவும் புயலில் மாட்டுகிறார்கள், பட்டினி கிடக்கிறார்கள், சாகப் பார்க்கிறார்கள், எல்லாம் ‘வாங்க போங்க’வில்தான். பன்னிரண்டாவதில் இசோரு முதல் தடவையாக ‘நீ’ என்பான். அதுதான் திட்டம். படிக்கிறவர்களும் அதற்குத்தான் காத்திருந்தார்கள்.

பதினோராவதின் அடியில் அந்தக் கமெண்ட் இன்னும் இருக்கிறது. போட்ட ஆளின் பெயர் பம்புசெட்.

“இவங்க ரெண்டு பேரும் நீங்கன்னே பேசிக்கட்டும். அவன் ‘நீ’ன்னு ஆரம்பிச்சா அடுத்தது ‘ஏய்’. அதுக்கப்புறம் அவளுக்குப் பேரே இருக்காது. இது நடக்கறதை நான் தெனமும் பாத்துட்டுத்தான் இருக்கேன்.”

இதைப் படித்த வாரம் கதையை நிறுத்தினேன். இன்னொன்றையும் நிறுத்தினேன். அதை எழுதுவதற்கில்லை.

பம்புசெட் என்று யார் வேண்டுமானாலும் பெயர் வைத்துக்கொள்ளலாம். கோயமுத்தூர் ஜில்லாவில் பம்பு செய்யாதவன் யார்?

நவம்பர் 10, திங்கள்

“படிச்சுட்டீங்களா? எப்படீங்க இருந்துச்சு?”

“நல்லா இருந்துச்சுங்க” என்றேன். என் கதைக்கு நானே.

“ஒரே ஒரு குறைதாங்க” என்றார். “எழுதுனவன் ஆம்பளைங்கறது தெரிஞ்சுடுது. மெகுனா கோவம் வந்தா வாரக்கணக்குல பேசாம இருக்கறான்னு எழுதியிருக்கான் பாருங்க. எந்தப் பொண்ணுங்க அப்படி இருப்பாங்க? இவனுக்குப் பொண்ணுங்க மனசு தெரியல.”

எனக்கு.

எனக்குப் பெண்கள் மனசு தெரியவில்லையாம்.

நவம்பர் 11, செவ்வாய்

பதில் போடவில்லை.

நவம்பர் 13, வியாழன்

போடவில்லை. மூன்று ‘குட் மார்னிங்’ வந்திருக்கிறது, கடைசியில் ஒரு பூப்படத்தோடு. இதற்கு முன்பு பூப்படம் அனுப்பும் ஆள் இல்லை அவர்.

அம்மா, “என்ன, பரோட்டா ஆறிப்போச்சா?” என்றாள்.

நவம்பர் 15, சனி

தரணிதரன் கிளினிக்குக்கு வந்துவிட்டார். கோயமுத்தூரில் கண் டாக்டரே இல்லாத மாதிரி, “தலைவலிங்க, பவர் பாக்கோணும்” என்று டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான்தான் பார்க்க வேண்டும். டாக்டர் அறுவை சிகிச்சையில் இருந்தார்.

விளக்கை அணைத்து, சோதனைக் கண்ணாடியை மாட்டிவிட்டு, எழுத்துப் பலகையைக் காட்டினேன். ஒரு லென்ஸைப் போட்டேன், எடுத்தேன், இன்னொன்றைப் போட்டேன்.

“இதுல தெளிவா இருக்குதுங்களா, இதுலயா?”

“ரெண்டும் ஒரே மாதிரிதாங்க தெரியுது.”

“நல்லாப் பாத்துச் சொல்லுங்க. ஒண்ணா, ரெண்டா?”

“பொய் சொல்லோணுங்களா? ரெண்டும் ஒண்ணுதாங்க.”

உண்மையில் இரண்டும் ஒரே பவர்தான். சிலர் நமக்குப் பிடிக்குமே என்று எதையாவது சொல்லிவைப்பார்கள். அவர்களைக் கண்டுபிடிக்க இப்படிச் செய்வோம். இவர் சொல்லவில்லை. அது எனக்குப் பிடித்தது. ரொம்பவே பிடித்தது. பிடித்ததும் கோபம் இன்னும் கூடிவிட்டது.

இருட்டிலேயே அவர் சொன்னார். “கோவமாங்க? நான் என்ன பண்ணேன்னு தெரியல. ஆனா ஒண்ணு, மாலைக்கண் சரியாத்தாங்க எழுதியிருக்கான். பொண்ணுங்க பேசாம இருப்பாங்க. அந்தக் குறைய நான் வாபஸ் வாங்கிக்கறேன்.”

நான் விளக்கைப் போட்டுவிட்டு, “உங்களுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்க” என்றேன்.

போகிறபோது அவர் போன் அடித்தது. பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ‘அம்மா’ என்றிருந்தது. “அப்பா சத்தம் போடறாராம்மா? நீங்க ரூமுக்குப் போயிருங்க, நான் வந்துடறேன்” என்று சொல்லிக்கொண்டே படி இறங்கினார்.

பம்புசெட் யாரென்பது எனக்குத் தெரியும். ஒரு வாரமாகவே தெரியும். எழுதாமல் இருந்தேன், அவ்வளவுதான்.

நவம்பர் 17, திங்கள்

குழப்பம். அம்மா கேட்கிறாள், ஞாயிற்றுக்கிழமை உறுதி வார்த்தை பேச அவர்கள் வருகிறார்கள், சம்மதமா இல்லையா? நான் “சொல்றேன்” என்கிறேன். “எப்ப? பேரன் கல்யாணத்துலயா?” என்கிறாள்.

இவரைப் பிடித்திருக்கிறது. அதில் குழப்பமில்லை. போன தடவை வந்தவரையும் முதல் வாரம் பிடித்துத்தான் இருந்தது. அவர் ‘நீங்க’ என்றபோது பிடித்தது. உறுதி முடிந்த மறுநாள் ‘நீ’ என்றபோது வெட்கமாகக்கூட இருந்தது. அதற்கடுத்த வாரம் “ஏய், அந்த போனைக் குடு, யார்கூட என்ன எழுதறே?” என்றார். அப்போதுதான் அந்தக் கமெண்டைப் படித்தேன். மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுத்த பிறகு கல்யாணத்தை வேண்டாம் என்றேன். அதற்கப்புறம் அம்மா என்னோடு பேசாமல் இருந்த நாட்களைக் கணக்கெடுத்தால் மெகுனாவே தோற்றுவிடுவாள்.

ஆக, முகம் தெரியாத ஒரு ஆள் என்னைக் காப்பாற்றிவிட்டார். இப்போது அவரே வந்து பெண் கேட்கிறார். இதில் யாரை நம்புவது? அந்தக் கமெண்ட் போட்டவரையா, அது நடக்கிற வீட்டிலேயே வளர்ந்தவரையா? இரண்டும் ஒரே ஆள்தான். லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கிறேன், எனக்கே தெரியவில்லை.

நவம்பர் 19, புதன்

பவர்கட். மழை. லேப்டாப்பில் சார்ஜ் இருக்கும்வரை பன்னிரண்டாவது அத்தியாயம் எழுதினேன். இசோரு ‘நீ’ என்கிற இடத்தை எழுதி எழுதி அழித்தேன். எப்படி எழுதினாலும் அதற்கடுத்த வரியில் “ஏய்” வந்து நிற்கிறது.

நவம்பர் 20, வியாழன்

காலையில் பல் தேய்க்கும்போது புரிந்தது. ‘நீ’ என்று யார் சொல்ல வேண்டும் என்பதைப் பற்றி நானும் யோசிக்கவில்லை, பம்புசெட்டும் யோசிக்கவில்லை. படித்த மினி பஸ் மொத்தமும் யோசிக்கவில்லை. அவன்தான் சொல்லுவான் என்று எல்லோரும் காத்துக்கொண்டு இருந்தோம். அட முட்டாள்களா!

கிளினிக்குக்கு லீவு போட்டேன். எழுதி முடித்தேன். சாம்பல் பட்டு இசோருவுக்குப் பார்வை மங்குகிறது. மெகுனா இரண்டு கண்ணாடித் துண்டுகளை மாற்றி மாற்றி அவன் கண்முன் பிடிக்கிறாள். “இதுல தெளிவா இருக்குதுங்களா, இதுலயா?” என்கிறாள். அவன், “ரெண்டும் ஒரே மாதிரிதாங்க தெரியுது” என்கிறான். இரண்டும் ஒன்றுதான். பொய் சொல்லத் தெரியாதவனைப் பார்த்து அவள் துடுப்பைக் கையில் எடுத்துக்கொள்கிறாள். “சரி, நீ உக்காரு. இன்னைக்கு நான் ஓட்டறேன்.”

பதிவேற்றிவிட்டேன். போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினேன்.

நவம்பர் 21, வெள்ளி

காலையில்: “மாலைக்கண் வந்துட்டானுங்க!!! உசுரோட இருக்கான்!!! படிச்சுட்டு வர்றேன்!!!”

பிறகு ஒன்றுமில்லை. மதியம் வரை ஒன்றுமில்லை. சாயங்காலம் ‘டைப்பிங்’ என்று வந்தது, போனது, வந்தது, போனது.

பிறகு ஒரே சொல்.

“நீதானா?”

நான் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே அது மறைந்தது. செய்தி நீக்கப்பட்டது என்று வந்தது. அப்புறம், “ஞாயித்துக்கெழமை நேர்ல பேசிக்கலாங்க.”

கோபமா? ஏமாற்றிவிட்டேன் என்று நினைக்கிறாரா? நீக்கியது எதற்கு? ‘நீ’ என்றதற்காகவா, ‘தானா’ என்றதற்காகவா? இரவு சாப்பாடு வேண்டாம் என்றேன். அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு ரசம் வைத்தாள்.

நவம்பர் 23, ஞாயிறு

வந்தார்கள். கேசரி. மறுபடி மொட்டை மாடி. இந்தத் தடவை துணிகளை எடுத்துவிட்டிருந்தேன்.

அவர் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. தண்ணீர்த் தொட்டியைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“பம்புசெட் நான்தாங்க. நான் போட்ட கமெண்டாலதான் நிறுத்துனீங்களா?”

“ஆமாங்க.”

“தப்புங்க. நான் யாரு சொல்றதுக்கு? ஒரு கதைய நிறுத்திப்போட்டேன்.”

“கதைய மட்டுமில்லீங்க. என் கல்யாணத்தையும்தான்” என்றேன். நடந்ததைச் சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன்.

“அது எங்கம்மாவ நெனைச்சு எழுதுனதுங்க” என்றார். “அவங்க பேரு ரத்தினா. எங்க வீட்டுல அந்தப் பேரு ரேஷன் கார்டுல மட்டுந்தான் இருக்குது.”

“அந்த மெசேஜ ஏனுங்க அழிச்சீங்க?”

“கைமீறி ‘நீ’ன்னு வந்துருச்சுங்க. பயமாப் போச்சு. எங்கப்பன் ரத்தந்தானே. எனக்குள்ளயும் அது இருந்து, ஒருநாள் அதட்டிப்போட்டேன்னா?”

இப்போதுதான் என்னைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. பவர் ஒன்றும் தேவைப்படாத கண்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையும் வந்தது. “எங்கே, அதட்டு பாக்கலாம்” என்றேன்.

வாயைத் திறந்தார். மூடினார். “வரமாட்டேங்குதுங்க” என்றார்.

கீழே வந்தோம். அவருடைய அப்பா சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு, “என்னப்பா, முடிச்சுட்டீங்களா? பொண்ணு என்ன சொல்லுது?” என்றார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா கைக்குட்டையைக் கசக்கிக்கொண்டு நின்றாள்.

“எனக்குச் சம்மதமுங்க” என்றேன். பிறகு அவரைத் திரும்பிப் பார்த்தேன். “நீ சொல்லு.”

அம்மா என் இடுப்பில் கிள்ளிய இடம் இதை எழுதும்போதும் எரிகிறது. அப்பா தொண்டையைச் செருமினார். மாப்பிள்ளையின் அப்பா காலைக் கீழே இறக்கினார்.

“எனக்கும் சம்மதந்தானுங்க” என்றார் தரணிதரன். ‘ங்க’வை என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பார்த்தால் அவருடைய அம்மா, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு. பூ வைக்கிற சாக்கில் என்னிடம் குனிந்து காதில் சொன்னார்.

“அப்படி ‘நீ’ன்னு கூப்புட்டா நாக்குக்கு ஒண்ணும் ஆகாதில்ல கண்ணு?”

“ஒண்ணும் ஆகாதுங்க அத்தை” என்றேன்.

நவம்பர் 24, திங்கள்

கிளினிக்கில் கூட்டம். கேசரி மிச்சத்தை மதியத்துக்குக் கொண்டுபோனேன். சாயங்காலம் தரணிதரனிடமிருந்து செய்தி வந்தது. அப்படியே எழுதிவைக்கிறேன்.

“காலைல அம்மா காப்பி கொண்டாந்து அப்பா முன்னாடி வெச்சாங்க. ‘இந்தா, நீ குடி’ன்னாங்க. நான் பல்லு தேச்சுட்டு இருந்தவன் அப்படியே நின்னுட்டேன். அப்பா அம்மாவையே பாத்துட்டு இருந்தாரு. அப்புறம் காப்பிய எடுத்துக் குடிச்சுட்டாரு.”